இரண்டாவது அகப்பை

அளவறிதல் ஓர் அறம். ஈகையைப் போற்றியவர் பலர், பொறுமையைப் போற்றியவரும் பலர். அவ்விரண்டையும் உள்ளிருந்து தாங்கும் அளவைப் போற்றியவர் சிலரே. உப்பும் தீயும் அன்பும் அளவினால்தான் வீட்டில் குடியிருக்கின்றன. இந்த அறத்தைக் கையிலும் கண்ணிலும் காத்தவர் திருப்பரங்குன்றத்துக் கருத்தக்கண்ணன். நாவில் மட்டும் ஒருநாள் காக்கத் தவறினார்.

எழுபதுகளின் இறுதியிலும் எண்பதுகளிலும் அவர் மதுரை–இராமேசுவரம் பாசஞ்சரில் கார்டாக இருந்தார். மண்டபம் நிலையத்தில் வண்டி நிற்கும்போதெல்லாம் கடலைப் பார்த்துப் பார்த்து, அதில் ஒரு கைப்பிடியை வீட்டுக்குக் கொண்டுவர ஆசைப்பட்டார். கண்ணாடித் தொட்டி ஒன்று செய்வித்தார். கார்டு பெட்டியில் கேன் கேனாகக் கடல்நீர் வந்தது. பிறகு உயிருள்ள பவளப்பாறைத் துண்டுகள் வந்தன. பூப்போல விரியும் கடல்சாமந்தி ஒன்றும், அதன் மடியில் ஒளிந்து வாழும் செம்மஞ்சள் நிறக் கோமாளிமீன் ஒன்றும் வந்தன. கண்மாய் நீரையும் கிணற்று நீரையுமே அறிந்த தெருவில் அது பெரிய அதிசயம்.

அந்த அதிசயத்தை அவரைவிட மிகுதியாக நேசித்தவர் அவருடைய அக்காள் ஜெயக்கொடி. வாடிப்பட்டியில் வாழ்க்கைப்பட்டு, கணவனையும் ஒரே மகனையும் காய்ச்சலுக்குக் கொடுத்துவிட்டுத் தம்பி வீட்டுக்கு வந்தவர். வெற்றிலையை மடித்தபடி தொட்டியின் முன் அமர்ந்து கோமாளிமீனோடு பேசுவார்.

"என்ன மாப்ள, எந்நேரமும் பொண்டாட்டி மடியிலயே கெடக்கீக? வேலவெட்டி ஒண்ணும் இல்லையா?"

கருத்தக்கண்ணனின் மனைவி முத்துத்தாய் சிரிப்பார். "மதினி, அதுக்கு ரோசம் வந்து வெளிய குதிச்சிறப் போகுது."

"குதிக்காதுத்தா. இம்புட்டுச் சொகம் வெளிய எங்க கெடைக்கும்?"

ஒரு பிற்பகல் கருத்தக்கண்ணன் பணி முடிந்து உறங்கிக்கொண்டிருந்தார். தொட்டிக்குக் காற்று ஊதும் மோட்டாரை அவர் தரையில் வைத்திருந்தார். மின்சாரம் நின்றது. ஊதுவது நின்றதும், தொட்டி நீர் குழாய் வழியே பின்னோக்கி வடிந்து மோட்டாரை நனைத்துத் தரையெங்கும் பரந்தது. ஜெயக்கொடிதான் கண்டார். குழாயை வெளியே இழுத்தார், பிளக்கைப் பிடுங்கினார், கேனில் இருந்த கடல்நீரை ஊற்றித் தொட்டியை நிரப்பினார். தம்பி விழித்து வந்தபோது பழைய சேலையால் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். மின்சாரம் திரும்பியபோது பிளக் மாட்டியிருந்தால் அந்த ஈரத்தில் என்ன நேர்ந்திருக்கும் என்று எண்ணிக் கருத்தக்கண்ணன் பிளக்கைத் தொலைவில் தள்ளி வைத்தார்.

"கடலக் கொண்டாந்து அடைச்சு வச்சா, அது நடந்து போகத்தானே பாக்கும்?" என்று அக்காள் சிரித்தார். "மாப்ள நல்லாத்தான் இருக்காக. நீ போய்ப் படுப்பா."

பிழை தம்பியுடையது. அதைச் சுட்டி ஒரு சொல்லும் அந்த வாயிலிருந்து வரவில்லை. மறுநாளே கருத்தக்கண்ணன் மோட்டாரை நீர்மட்டத்துக்கு மேலே ஒரு பலகையில் ஏற்றினார். ஏன் ஏற்றினார் என்பதை வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. அறிந்ததைச் செய்துவிடுவார், செய்ததை விளக்கமாட்டார். அது அவர் இயல்பு.

மண்டபத்தில் கடலுயிர் வளர்க்கும் நண்பர் ஒருவர் அவருக்கு ஒரு வழி சொல்லியிருந்தார். பவளம் தன் உடலைச் சுண்ணாம்பால் கட்டுகிறது. தொட்டி நீரில் அது குறைந்துகொண்டே போகும். ஆகவே சுண்ணாம்பைக் கரைத்துத் தெளியவிட்டு, மேலே நிற்கும் தெளிநீரை மட்டும் நாள்தோறும் சிறிது சேர்க்க வேண்டும். கருத்தக்கண்ணன் ஒரு சாடியில் அதைத் தயாரித்து, சிரட்டை அகப்பையால் ஓர் அளவு மொண்டு, சொட்டுச் சொட்டாக விடுவார். பவளங்கள் தழைத்தன.

முத்துத்தாய் பேறுகாலத்துக்காக டி. கல்லுப்பட்டியில் தாய்வீட்டில் இருந்த நாள்கள் அவை. இராமேசுவரத்தில் தங்கி மறுநாள் திரும்பும் பணி ஒன்று அவருக்கு வந்தது. புறப்படும்போது அக்காளிடம் சாடியைக் காட்டினார்.

"அக்கா, வெளக்கு வைக்கிற நேரத்துல மேலாப்புல ஒரு அகப்பை எடுத்து ஊத்திரு."

"ஒண்ணு போதுமா?"

"போதும். நான் வாரேன்."

ஒன்று ஏன் போதும், மேலாக ஏன் எடுக்க வேண்டும் என்பதைச் சொல்ல அரை நிமிடம் ஆகியிருக்கும். வண்டி அவர் நினைவில் இருந்தது.

ஜெயக்கொடி பிறந்து வளர்ந்த குடும்பத்தில் ஒற்றை அகப்பை பரிமாறும் வழக்கம் இல்லை. ஒருமுறை இட்டு நிறுத்துவது இழவு வீட்டில் மட்டுமே. உயிரோடு உண்ண உட்கார்ந்தவருக்கு மறுமுறை இடவேண்டும். வேண்டியவராக இருந்தால் அகப்பையை அடிவரை விட்டு, கெட்டியாகத் தங்கியதை அள்ளி இடவேண்டும். சாறு மேலே, சத்து அடியிலே; அடுப்படி அவருக்குக் கற்பித்தது அது.

விளக்கேற்றிவிட்டு ஓர் அகப்பை ஊற்றினார். கடல்சாமந்தி விரல்களை அசைத்தது. அதைப் பசி என்று எண்ணினார். தம்பி இல்லாத வீட்டில் இந்த உயிர்களுக்கு ஒற்றை அகப்பையா இடுவது? சாடியின் அடியைக் கலக்கி, வெண்மையாக நிறைத்து, இரண்டாவது அகப்பையை ஒரே வீச்சில் சாய்த்தார்.

வெற்றிலையில் சுண்ணாம்பு கூடினால் வாய் வெந்துபோவதை அறியாதவர் அல்லர். நீருக்கும் வாய் உண்டு என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

மறுநாள் கருத்தக்கண்ணன் வந்தபோது தொட்டி பால்போல் வெளுத்திருந்தது. பவளங்கள் சுருங்கிச் சளி கக்கியிருந்தன. கடல்சாமந்தி பாறையைவிட்டுக் கழன்று கிடந்தது. அதன்மேல் கோமாளிமீன் ஒருக்களித்து மிதந்தது. அக்காள் தூணருகே நின்றிருந்தார். காலையிலிருந்து வெற்றிலை போட்டிருக்கவில்லை.

"பசிக்குமேன்னுதான் தம்பி, அடியில இருந்து இன்னொண்ணு..."

அவர் முடிக்கவில்லை. கருத்தக்கண்ணன் திரும்பாமலே சொன்னார்: "ஒன் கை பட்டது எதுதான்க்கா இதுவரைக்கும் தங்கியிருக்கு?"

கணவனுக்கும் மகனுக்கும் தம் கையாலேயே பணிவிடை செய்து, இருவரையும் இழந்தவரிடம் சொன்ன சொல் அது. சொன்ன கணமே அவர் திரும்பிப் பார்த்தார். அக்காள் தம் இரு கைகளையும் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு துணிப்பையை எடுத்துக்கொண்டு, வாடிப்பட்டி போகும் பேருந்துக்கு நடந்தார். கணவனின் பூட்டிய வீடு அங்கே இருந்தது. தடுக்க வேண்டும் என்று கருத்தக்கண்ணனுக்குத் தெரிந்தது; கேனை எடுத்துத் தொட்டி நீரை இறைக்கத் தொடங்கினார்.

அடுத்த வாரமே முத்துத்தாய்க்கு ஆண்குழந்தை பிறந்தது. பிறக்கும் பிள்ளையை முதலில் அத்தைக்காரி கையில்தான் கொடுக்க வேண்டும் என்று முத்துத்தாய் முன்பே சொல்லி வைத்திருந்தார். ஆள் அனுப்பினார்கள். "ஒடம்புக்கு முடியல" என்ற பதில் வந்தது.

கருத்தக்கண்ணன் தொட்டியைப் பழுதுபார்த்தார். அடிச்சுண்ணாம்புச் சாடியைப் பரண்மேல் ஏற்றினார். அன்றன்றைக்கு வேண்டிய தெளிநீரை மட்டும் சிறு சீசாவில் எடுத்து வைத்தார். யார் ஊற்றினாலும் அதற்குமேல் ஊற்ற ஏதும் இராது. பிறகு அதையும் இரண்டு சீசாக்களாகப் பாதி பாதி பிரித்தார். எல்லாம் ஒழுங்கானதும் வாடிப்பட்டிக்குப் போனார்.

அக்காள் சோறு போட்டார். மறுசோறும் போட்டார். உண்டு முடித்ததும் அவர் சீசாக்களின் ஏற்பாட்டைச் சொல்லத் தொடங்கினார்.

"இனிமே நீ ரெண்டு தடவையும் ஊத்தலாம்க்கா. ஒண்ணுல பாதி, இன்னொண்ணுல பாதி. ஒண்ணும் ஆகாது. மோட்டாரத்தான் அப்பவே மேல ஏத்தியாச்சு. எதுக்கும் பயமில்ல."

ஜெயக்கொடி முழுவதும் கேட்டார். "தொட்டிக்கு அம்புட்டும் யோசிச்சு வழி பண்ணிட்ட. நீ சொன்ன சொல்லுக்கு என்னப்பா வழி பண்ணுன?"

கருத்தக்கண்ணன் உண்ட இலையை மடித்தார். "தப்புத்தான்க்கா" என்று அவர் சொன்னபோது அக்காள் எச்சில் இலையை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டிருந்தார். கேட்டாரோ இல்லையோ, திரும்பி வந்து, "பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றார்.

பிறகு குழந்தையோடு மூவரும் வாடிப்பட்டிக்குப் போனார்கள். அக்காள் ஓடி வந்து பார்த்தார், கொஞ்சினார், "அப்பன் மூக்கு அப்படியே!" என்று மகிழ்ந்தார். முத்துத்தாய் குழந்தையை நீட்டினார்.

"வாங்குங்க மதினி. எம்புட்டு நேரம் தூரத்துல நின்னே கொஞ்சுவீக?"

"கை ஈரமா இருக்குத்தா. பாயில படுக்க வையி."

அடுத்த முறை கையில் மாவு. அதற்கடுத்த முறை மிளகாய் அரைத்த எரிச்சல். முத்துத்தாய்க்குப் புரிந்தது, அதன்பிறகு நீட்டவில்லை. வீடு திரும்பும் பேருந்தில் கணவனிடம் முகம் கொடுத்துப் பேசவும் இல்லை. கருத்தக்கண்ணன் அன்றிரவே தொட்டியை வற்றவிட்டு, மிஞ்சியிருந்த பாறைகளை மண்டபத்துக் கடலிலேயே கொண்டுபோய்ச் சேர்த்தார். அக்காள் வராததற்குத் தொட்டி காரணமில்லை என்பதும் அவருக்குத் தெரியும். செய்வதற்கு அது ஒன்றுதான் அவர் கைவசம் இருந்தது.

பிள்ளை நடக்கப் பழகிய பின் ஒருநாள், வாடிப்பட்டி வீட்டில் அத்தை முறத்தின் முன் அமர்ந்திருக்க, அவன் தானே தத்தித் தத்திச் சென்று அவருடைய சுட்டுவிரலைப் பிடித்துக்கொண்டான். ஜெயக்கொடி அந்தக் கையை இழுக்கவில்லை. அவனை எடுக்கவும் இல்லை. அவன் விடும்வரை விரலை அசைக்காமல் வைத்திருந்தார். கருத்தக்கண்ணன் வாசற்படி தாண்டாமல் நின்று பார்த்தார். அவன் விட்டதும் ஜெயக்கொடி முறத்தை எடுத்துப் புடைக்கத் தொடங்கினார்.

குன்றமர்ந்த செவ்வேள் அந்தக் குடியைக் காக்க. திருப்பரங்குன்றத்துக் கூரையும் வாடிப்பட்டிக் கூரையும் ஒரு வீடாகட்டும். அங்கே நெல்லும் நீரும் குன்றாதிருக்க. பிள்ளை நீடு வாழ்க. அவனைத் தொடும் கைகள் யாவும் தொட்டது தங்கும் கைகள் ஆகுக.