ஒன்றும் விழாத பொறி

லண்டன் கோலியர்ஸ் வுட்டில் எங்கள் வீட்டுப் பின்வளவில், எதையுமே பிடிக்காத ஒரு பொறிக்குக் கோடை முழுவதும் ராஜ மரியாதை நடந்தது. வைத்தவர் என் மாமா, அம்மாவின் தம்பி. மாமியும் அவரும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எங்கள் மேலறையில் இருந்தார்கள். வந்த பிறகு ஒரு குழந்தையும் பிறந்திருந்தது.

ஊரில் டெங்கு நுளம்பு இருக்கிறதா என்று பார்க்கச் சுகாதாரப் பகுதியினர் வைப்பது அது. பெரிய வேலைப்பாடு ஒன்றுமில்லை. பவுண்ட் கடையில் வாங்கிய கறுப்பு வாளி, அரைவாளித் தண்ணீர், ஓரத்தில் தொங்கும் பழைய துவாய்த் துண்டு. நுளம்பு அந்தத் துணியில் முட்டையிடுமாம்.

"லண்டன் குளிருக்கை டெங்கு நுளம்பு எப்பிடி மச்சான் இருக்கும்?" என்று அப்பா சிரித்தார். மாமா சிரிக்கவில்லை.

சனிக்கிழமைகளில் நான் தமிழ் வகுப்பு முடிந்து வரும்போது அவர் வாளியின் முன் குந்தியிருப்பார். "ஒண்டும் இல்லை, பிள்ளை" என்று சொல்லி, தண்ணீரைச் சீமெந்தில் ஊற்றி, துணியைத் தேய்த்துக் கழுவிப் புதுத் தண்ணீர் விடுவார். இவ்வளவு பாடுபட்டும் ஒன்றுகூட விழவில்லையே என்று எனக்குப் பாவமாகப் போய்விட்டது. பள்ளிக்கூடத் தோட்டத்துக் குளத்தில் நுளம்புப் புழுக்கள் நிறைய நெளிந்தன. ஒரு வெள்ளிக்கிழமை தண்ணீர்ப் போத்தலில் கொஞ்சம் பிடித்து வந்து, யாருக்கும் தெரியாமல் வாளியில் விட்டேன்.

மறுநாள் வாளிக்குள் பார்த்த மாமா புல்லிலேயே தொப்பென்று இருந்துவிட்டார். பிறகு மரத்தடியில் தள்ளுவண்டிலில் நித்திரையாயிருந்த குழந்தையை வாரிக்கொண்டு மேலே ஓடி, யன்னல்களையெல்லாம் அடித்துச் சாத்தினார். அந்த வெக்கையில் குழந்தை அழுதது. மாமியும் சேர்ந்து அழுதார். சந்தோஷப்படுவார் என்றல்லவா நான் காத்திருந்தேன். அடி விழுந்தால் விழட்டும் என்று படியேறிப் போய் உண்மையைச் சொன்னேன்.

"அப்ப அதுகள் எங்கட வளவிலை இல்லையோ?" என்று கேட்டார் மாமா.

"இல்லை மாமா. பள்ளிக்கூடக் குளத்திலை பிடிச்சது."

"சத்தியமா?"

"ஓம்."

அவர் ஏசவில்லை. என்னை இறுகக் கட்டிக்கொண்டார், தோள் குலுங்கியது. உண்மை பேசுவதற்கு இத்தனை மதிப்பா என்று எனக்கு ஒரே பெருமை. அவர் தோளுக்கு மேலால், சுவரில், பிளாஸ்ரிக் மாலை போட்ட ஒரு சின்னப் பெண்ணின் படம் தெரிந்தது. அது சிறுவயது மாமி என்றே நெடுநாள் நினைத்திருந்தேன்.