ஓரத்தில் நாலு விரல்

கேமரா கடையில் என் மகன் இரண்டு கம்பெனி லென்ஸில் எடுத்த படங்களைத் திரையில் பெரிதாக்கி, "ஓரத்தைப் பாருங்கப்பா, இதுல மங்குது" என்றான். எழுபதுகளில் நாங்கள் இருந்த ஆனையூர் வீட்டின் பின்சுவர் என் கண்முன் வந்தது.

அப்பாவிடம் ஜெர்மன் கேமரா. அம்மாவின் தம்பி, என் மாமா, சிங்கப்பூரிலிருந்து ஜப்பான் கேமராவோடு திரும்பியிருந்தார். எது உசத்தி என்று ஓயாத சண்டை. கடைசியில் சுவரில் செய்தித்தாளை ஒட்டி, ஆளுக்கொரு பிலிம் ரோல் போட்டு, பொடி எழுத்தைப் படம் பிடித்தார்கள். காற்றில் தாள் படபடத்தது. தன்னைப் படம் எடுப்பார்கள் என்று பட்டுச்சேலை கட்டி நின்ற அம்மாவை ஓரத்தைப் பிடிக்கச் சொன்னார்கள். நான் பிடிக்கிறேன் என்றேன், எட்டவில்லை.

"என்னைய எப்பத்தான் எடுப்பீக?" என்றாள் அம்மா.

"கடைசிப் படம் ஒனக்குத்தான்க்கா. அசையாம நில்லு" என்றார் மாமா.

"மாப்ள, இன்னும் கிட்டக்கப் போய் எடுப்போம்" என்றார் அப்பா. இரண்டு ரோலும் தீர்ந்தன. அம்மா சிரித்தபடி சேலை மாற்றப் போனாள்.

அந்த ஐப்பசியில் காய்ச்சல் கண்டு போய்விட்டாள். மாலை போட ஒரு படம் இல்லை. அப்பா அந்தப் படங்களைத் தரையில் பரப்பி, பூதக்கண்ணாடியோடு குனிந்திருந்தார். எல்லாவற்றிலும் ஓரத்தில் அம்மாவின் நாலு விரல், சுண்டுவிரல் தழும்பு வரை துல்லியமாக.

"ரெண்டுலயும் நல்லாத்தான் விழுந்திருக்கு மச்சான்" என்றார் மாமா.

"எதுப்பா நல்லாருக்கு?" என்றான் மகன், கடைத் திரையைக் காட்டி.

"ரெண்டும்தான்" என்றேன்.