பின்னால் வந்த கறுப்பு வண்டி

சந்தேகப்படுவது எனக்குத் தொழிலோடு ஒட்டிக்கொண்ட குணம். திருத்தணியில் மலைக்குப் போகும் சாலையில் ஒரு மருந்துக்கடையில் பல வருடங்களாக வேலை பார்க்கிறேன். தூக்க மாத்திரைக்கு ஜெராக்ஸ் சீட்டு கொண்டுவருகிறவன், ஒரே இருமல் மருந்தைக் கடை கடையாக வாங்குகிறவன், நான் கேட்காமலே "அம்மாவுக்குத்தான் மேடம்" என்று சொல்கிறவன், எல்லாரையும் முகத்தை வைத்தே பிரித்துவிடுவேன். என் கணவர் நேர் எதிர். தினமும் மின்சார ரயிலில் சென்னைக்கு வேலைக்குப் போய் வருகிறவர். முன்பின் தெரியாத பக்கத்து சீட்டுக்காரரிடம் பையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுத் தூங்குவார். இதுவரை ஒரு பையும் தொலைந்ததில்லை. அதுவே எனக்கு எரிச்சலாக இருக்கும்.

மகள் கல்லூரி விடுதிக்குப் போன பிறகு வீடு வெறிச்சோடிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து திரும்பும்போது, "ஹம்பிக்குப் போலாமா? வண்டிலயே" என்றார்.

திருப்பதியைத் தாண்டி நாங்கள் மோட்டார் சைக்கிளில் போனதே இல்லை. "இன்னா திடீர்னு?" என்றேன்.

"திடீர்னு இல்ல. ரொம்ப வருசமா மேப்ப பாத்துகினுதான் இருக்கேன்."

முதல் நாள் கடப்பா தாண்டிக் கண்டிக்கோட்டை, மறுநாள் ஹம்பி என்று முடிவானது. எனக்குப் பின்னால் கேரியரில் கட்டிய பைக்கு ஒரு மழை உறை வாங்கி மாட்டினார். கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு நிறம். லாரிக்காரர்களுக்குத் தூரத்திலேயே தெரிய வேண்டுமாம்.

புறப்பட்ட அன்று விடியற்காலையில், ஊர் எல்லையிலிருந்த பெட்ரோல் பங்கில்தான் அவர்களை முதலில் பார்த்தேன். பழைய கறுப்பு வண்டி, எங்கள் மாவட்டத்து எண். ஓட்டுகிறவருக்கு அறுபது தாண்டியிருக்கும். தடித்த காக்கிச் சட்டை போட்டிருந்தார். பின்னால் அவர் மனைவி, புடவையை வாரிச் செருகி, இருபக்கமும் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். அந்த அம்மா எங்கள் பையையே பார்த்தார். பிறகு கணவரின் காதருகே குனிந்து ஏதோ சொன்னார். அவர் தலையை முழுதாகத் திருப்பி, எங்களை ஒரு நிமிடம் அசையாமல் பார்த்தார்.

நகரி தாண்டியதும் திரும்பிப் பார்த்தேன். பின்னால் வந்துகொண்டிருந்தார்கள். புத்தூரில் இட்லி சாப்பிட்டு வெளியே வந்தபோது எதிர்ப்பக்கம் வண்டியை அணைக்காமல் நின்றிருந்தார்கள். ரேணிகுண்டாவில் சாலை பிரிகிற இடத்திலும் அதே கறுப்பு வண்டி.

"அவங்க நம்ம பின்னாடியே வர்றாங்க" என்று கணவரின் தோளில் தட்டினேன்.

"ரோடு ஒன்னுதானே இருக்கு. வேற எங்க போவாங்க?"

"திருப்பதிக்குப் போறவங்கன்னா ரேணிகுண்டாலயே திரும்பியிருப்பாங்க."

"நம்மள மாதிரி அவங்களும் சுத்திப் பாக்க வந்திருப்பாங்க. விடேன்."

நான் விடவில்லை. கோடூர் பக்கம் மாந்தோப்புகள் வரும் இடத்தில் வண்டியை மெதுவாக ஓட்டச் சொன்னேன். கறுப்பு வண்டியும் மெதுவானது. வேகமாகப் போகச் சொன்னேன். அதுவும் வேகம் பிடித்தது. ஒரு மரத்தடியில் நிறுத்தினோம். கொஞ்ச தூரம் தள்ளி அவர்களும் நின்றார்கள். இறங்கவில்லை, தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. நாங்கள் கிளம்பினால் கிளம்பத் தயாராக அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். அந்த அம்மாவின் இரண்டு கைகளும் கணவரின் இரண்டு தோள்களில் இருந்தன. நான் போனை எடுத்து, சோம்பல் முறிப்பதுபோலக் கையை உயர்த்தி, அவர்கள் வண்டி எண் தெரியும்படி படம் எடுத்தேன். அதை மகளுக்கும் அனுப்பிவைத்தேன். "எதுக்குமா இது?" என்று கேட்டாள். "சும்மா வெச்சுக்கோ" என்று பதில் போட்டேன்.

கடப்பாவில் சாப்பாட்டுக்கு நுழைந்த ஓட்டலிலும் வந்து, எங்களுக்கு அடுத்த மேசையில் உட்கார்ந்தார்கள். பரிமாறுகிறவர் பெரியவரின் இடதுபக்கம் தண்ணீர் வைத்தார். அவர் கையை நீட்டியதும் டம்ளர் சரிந்து கொட்டியது. குடித்திருக்கிறார் என்று நினைத்தேன். ஆனால் வாடை எதுவும் இல்லை. துடைத்துவிட்டு அந்த அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"திருத்தணிங்களா? நாங்க பள்ளிப்பட்டு. எதுவரைக்கும் போறீங்க?"

"கர்னூல்" என்றேன். என் கணவர் சோற்றிலிருந்து தலையை நிமிர்த்தினார். மேசைக்கடியில் அவர் காலை மிதித்தேன்.

அந்த அம்மாவின் முகம் சட்டென்று விழுந்துவிட்டது. "கர்னூலா? கண்டிக்கோட்டைக்குப் போகலையா?" என்றார். பிறகு கணவரிடம் தெலுங்கில் முணுமுணுத்தார். கண்டிக்கோட்டை என்று நாங்கள் யாரிடமும் சொல்லவில்லை. வெளியே வந்ததும் கணவரிடம், இவர்களைக் கழற்றிவிட்டால்தான் கண்டிக்கோட்டைக்கு வருவேன் என்றேன்.

"ஆந்திராவுக்கு வண்டில வர்ற பாதிப் பேரு அங்கதான் போவாங்க. அதான் கேட்டிருக்காங்க. வயசானவங்க ரெண்டு பேரு நம்மள இன்னா பண்ணுவாங்க?"

"வயசானவங்கள முன்னாடி அனுப்பிட்டு ஆளுங்க பின்னாடி வருவாங்க."

அவருக்கு வாதாட அலுத்துவிட்டது. எர்ரகுண்ட்லா தாண்டி, சாலையின் இரு பக்கமும் கடப்பாக் கல் அறுத்து அடுக்கியிருக்கும் பட்டறைகள் வந்தன. ஒரு வளைவு முடிந்ததும் சட்டென்று உள்ளே திருப்பி, ஆள் உயரக் கல்லடுக்கின் பின்னால் நிறுத்தினோம். கறுப்பு வண்டி எங்களைக் கடந்து போனதும் எட்டிப் பார்த்தோம். அந்த அம்மா எழும்பி எழும்பி முன்னால் பார்ப்பது தெரிந்தது. அவர்கள் கொஞ்ச தூரம்தான் போயிருப்பார்கள். வலதுபக்கச் சரிவிலிருந்து ஆடுகள் சாலைக்கு ஏறின. நாங்கள் நின்ற இடத்திலிருந்தே மந்தை முழுக்கத் தெரிந்தது. ஆனால் வண்டியின் வேகம் குறையவே இல்லை. அந்த அம்மா கத்திக்கொண்டே கணவரின் வலது தோளில் அடித்தார். முதல் ஆடு வண்டியின் நேர் முன்னால் வந்த பிறகுதான் அவர் பிரேக் பிடித்தார். வண்டி வழுக்கி, மண்ணில் சாய்ந்தது.

என் கணவர் ஓடினார். "போகாதீங்க, நடிப்பா இருக்கும்" என்று கத்தினேன். ரோட்டில் விழுந்து கிடப்பதுபோல் நடித்துக் கொள்ளையடிக்கிறவர்கள் பற்றி வாட்ஸ்அப்பில் எத்தனை வீடியோ பார்த்திருக்கிறேன். போனைக் கையில் பிடித்தபடியே நானும் மெல்லப் போனேன். நடிப்பில்லை. அந்த அம்மாவின் முழங்கை சிராய்ந்து ரத்தம் கசிந்தது. பெரியவர் எழுந்து நின்றுவிட்டார். அவருடைய இடதுபக்கம் நின்று என் கணவர் கை நீட்டிக்கொண்டிருந்தார். பெரியவர் அந்தக் கையைக் கவனிக்கவே இல்லை.

சாலையோரம் அவர்களுடைய துணிப்பை கவிழ்ந்து கிடந்தது. அள்ளிப் போடக் குனிந்தேன். சீப்பு, முறுக்குப் பொட்டலம், ஈரத்துணியில் சுற்றிய இரண்டு சின்னக் கண்மருந்து பாட்டில்கள். தினமும் என் கை எடுத்துக் கொடுக்கிற மருந்துகள் அவை.

"இது யாருக்குக்கா?"

"எனக்குத்தாம்மா."

"ரெண்டுமே கண் பிரஷர் முத்திப்போனவங்களுக்குப் போடறது. நான் மருந்துக்கடைல வேல செய்றேன். உங்களுக்கு இல்ல இது, அவருக்குத்தான்."

அந்த அம்மா கணவர் நின்ற பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"நேரா இருக்கறது தெரியும்மா அவருக்கு. பக்கந்தான் தெரியாது. குழாய் வழியா பாக்கற மாதிரி. வண்டியத் தொடக்கூடாதுன்னு டாக்டர் சொல்ட்டாரு. கல்யாணம் ஆனதுலேர்ந்து லாரி ஓட்னவரு, பம்பாய் வரைக்கும் போவாரு. வர்றப்பல்லாம் கண்டிக்கோட்டைய பத்தியே சொல்வாரு. மலைய ரெண்டா பொளந்துகினு ஆறு போவுது, உனக்குக் காட்டறேன், காட்டறேன்னு. இருக்கற பார்வையும் போறதுக்குள்ள காட்டணும்னு ஒரே புடி."

"அதுக்கு எங்க பின்னாடி எதுக்கு வந்தீங்க?"

"முன்னாடி ஒரு வண்டி போனா அத்தப் பாத்துகினே ஓட்டிடுவாரு. பக்கத்துல எதுனா வந்தா நான் தோள்ல தட்டுவேன். பங்க்ல உங்க பையோட ஆரஞ்சு கலர நான்தான் காமிச்சேன். கர்னூல்னு சொன்னீங்களா, கை கால் ஓடல எனக்கு."

எனக்கு இரக்கம் வரவில்லை, கோபம்தான் வந்தது. "ஆட்டுக்குப் பதிலா ஒரு கொழந்த வந்திருந்தா?" என்றேன். அந்த அம்மா சிராய்ந்த முழங்கையைப் பிடித்துக்கொண்டார். "தெரியும்மா. தெரிஞ்சேதான் ஏறி ஒக்காந்தேன்" என்றார். அதற்கு மேல் எனக்குத் திட்ட வரவில்லை. பையிலிருந்த பஞ்சையும் களிம்பையும் எடுத்துக் கட்டுப் போட்டேன்.

இதற்குள் என் கணவர் ஒரு வழி யோசித்துவிட்டார். பெரியவர் எதிரில் போய் நேராக நின்றார். "நைனா, சாவியக் குடுங்க. நான் உங்கள வெச்சு ஓட்டறேன். அம்மாவ இவ கூட்டிகினு வருவா. நாங்களும் கண்டிக்கோட்டைக்குத்தான் போறோம்."

பெரியவர் சாவியைக் கைக்குள் மூடிக்கொண்டார்.

"கர்னூல்னு சொன்னீங்க?"

என் கணவர் என்னைப் பார்த்தார். நான் ஆடுகளைப் பார்த்தேன்.

"யாருய்யா நீ? காலைலேர்ந்து கவனிச்சுகினுதான் வரேன். நான் மெதுவா போனா நீ மெதுவா போற. மரத்தடியில நின்னுகினு எங்க வண்டிய போட்டோ புடிச்சாங்களாமே உன் பொண்டாட்டி, எதுக்கு? இப்ப கல்லுக்குப் பின்னால ஒளிஞ்சீங்களே, அது எதுக்கு? லாரி லைன்ல எத்தினி பேரப் பாத்திருப்பேன். வண்டிய நான் குடுப்பேன், நீ ஏறி ஓடிடுவ."

அவர் கேட்ட ஒவ்வொன்றும் நடந்ததுதான். அவருடைய மனைவி தலையில் அடித்துக்கொண்டார். "கடப்பாலயே சொன்னாரும்மா, இவங்க ஆளு சரியில்ல, பைய மடில வெச்சுக்கோன்னு."

கடைசியில், என் கணவருடைய ஓட்டுநர் உரிமமும் போனும் தன் சட்டைப்பைக்கு வந்தால் சாவி தருவதாகப் பெரியவர் சொன்னார். என் கணவரோ இரண்டையும் அப்படியே எடுத்து நீட்டினார். "போனையுமா குடுப்பீங்க?" என்று சட்டையைப் பிடித்து இழுத்தேன். பெரியவர் உரிமத்தை முகத்துக்கு நேரே பிடித்து, அதிலிருந்த படத்தையும் என் கணவரையும் மாறி மாறிப் பார்த்து உறுதி செய்துகொண்டார்.

திருவாலங்காட்டில் அப்பாவின் வண்டியில் கரும்புத் தோட்டத்துப் பாதைகளில் கியர் போடப் பழகியவள் நான். கல்யாணத்துக்குப் பிறகு ஸ்கூட்டரோடு சரி. அந்த அம்மாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு எங்கள் வண்டியை எடுத்தேன்; வழியிலிருந்த முத்தனூர் வரை கைகள் விறைத்துப் போயிருந்தன. நாயோ சைக்கிளோ வந்தால் அந்த அம்மா என் தோளில் தட்டினார்.

"எனக்குத் தெரியுதுக்கா."

"ஆங், மறந்துட்டேம்மா. கை அதுவா தட்டுது."

முன்னால் போன கறுப்பு வண்டியில், பெரியவர் என் கணவருடைய பெல்ட்டை ஒரு கையால் இறுக்கிப் பிடித்திருந்தார். ஓடுகிற வண்டியிலிருந்து இவர் எங்கே குதித்து ஓடிவிடப் போகிறார் என்று சிரிப்பு வந்தது. அப்படியும் அவருடைய இன்னொரு கை என் கணவரின் போன் பக்கம் போகிறதா என்று பார்த்துக்கொண்டேதான் ஓட்டினேன்.

கண்டிக்கோட்டைக்குப் போனபோது வெயில் சாய்ந்திருந்தது. கோட்டைக்குள் நடந்து, சிவப்புப் பாறைகள் முடிகிற விளிம்பில் நின்றோம். கீழே வெகு ஆழத்தில் பெண்ணாறு வளைந்து போனது. அந்த அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். பெரியவர் தலையை இடது கோடியிலிருந்து வலது கோடிவரை மிக மெதுவாகத் திருப்பினார். அவருக்கு அந்தப் பள்ளத்தாக்கு துண்டு துண்டாகத்தான் தெரியும். எல்லாத் துண்டையும் பார்த்து முடித்த பிறகு, "நான் சொன்னேனா இல்லியா?" என்று மனைவியிடம் கேட்டார். "சொன்னதவிட பெருசா இருக்குதுய்யா" என்றார் அந்த அம்மா.

மறுநாள் அவர்களை வண்டியில் திரும்ப விடுவதில்லை என்று நான் பிடிவாதமாக நின்றேன். பெரியவர் முதலில் கத்தினார். அந்த அம்மா, "நான் ஏறமாட்டேன். நீயே தனியா போ" என்று ஒரே வார்த்தை சொன்னதும் அடங்கினார். முத்தனூரில் அவருக்குத் தெரிந்த ஒருவர் மூலமாக, திருப்பதிப் பக்கம் காலியாகப் போகும் லாரி ஒன்றில் கறுப்பு வண்டியை ஏற்றினோம். அந்த டிரைவரின் ஊர், முதலாளி, போன முறை ஏற்றிய சரக்கு என்று எல்லாவற்றையும் பெரியவர் விசாரித்தார். லாரி எண்ணை மனைவியை இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டார். அரக்கோணம் போகும் ரயிலில் அவர்களை ஏற்றும்போதுதான் என் கணவருக்கு உரிமமும் போனும் திரும்பக் கிடைத்தன. நாங்கள் ஹம்பிக்குப் போய், நான்கு நாள் கழித்து வீடு திரும்பினோம்.

ஒரு வாரம் கழித்துக் கடையில் நிற்கும்போது அந்த அம்மாவிடமிருந்து போன் வந்தது. நல்லபடியாக ஊர் சேர்ந்தார்களாம். வண்டியும் வந்துவிட்டதாம், ஒரு கண்ணாடி மட்டும் உடைந்திருக்கிறதாம்.

"லாரிக்காரன் பேட்டரிய மாத்திட்டான்னு ஒரே சண்ட. அதே பழைய பேட்டரிதாம்மா" என்றார். பிறகு குரல் தாழ்ந்தது. "சாவிய நான் எடுத்து அரிசி டப்பால போட்டுட்டேன். இனிமே அவரு கைல குடுக்கமாட்டேன். வூடு பூரா தேடிகினு இருக்காரு."

"உங்க மேல சந்தேகப்படலியா?"

"என் மேல இல்லம்மா" என்று தயங்கினார். "உங்க வூட்டுக்காரருதான் சாவியோட போய்ட்டாருன்னு சொல்லிகினு இருக்காரு. எதுக்கும் இந்தப் பக்கம் வந்துடாதீங்க."