மூன்று கரண்டி ஆயில்

கிருஷ்ணகிரி சாலையில் என் பைக்கின் எஞ்சின் இறுகி, பின்சக்கரம் பூட்டிக்கொண்டபோது பின்னால் என் மகள் இருந்தாள். விழவில்லை. வண்டி நின்றதும், "எதுக்குப்பா திடீர்னு பிரேக் போட்டீங்க?" என்றாள். நான் பிரேக்கே போடவில்லை. மாதக்கணக்கில் ஆயில் பார்க்காமல் ஓட்டியவன் நான்தான்.

எஞ்சினைச் சரிசெய்தாயிற்று. திங்கட்கிழமை மகள் தன் முதல் வேலைக்கு, மத்திகிரியிலிருந்து தொழிற்பேட்டை வரை, அதே வண்டியில் தனியாகப் போக வேண்டும். இனி எந்த ஆயில் ஊற்றுவது?

நான் தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவு. சோதிக்காததை நம்பமாட்டேன். இரண்டு சிந்தெடிக் ஆயில்களும் ஒரு சாதா ஆயிலும் வாங்கி, ஞாயிறு காலை மூன்று தாளிக்கும் கரண்டிகளில் காய்ச்சினேன். கரண்டியில் படியும் கரிதானே எஞ்சினிலும் படியும்? சாதா ஆயில் தார் போல ஒட்டிக்கொண்டது. முதல் சிந்தெடிக் பழுப்பு வளையம் விட்டது. இரண்டாவது துடைத்ததும் போய்விட்டது. விரலில் தேய்த்தால் அப்படி ஒரு வழுக்கல். தேய்மானத்துக்கு இடமே இல்லை. தொழிற்சாலை வழக்கப்படி அதற்குப் பச்சைச் சீட்டும் மற்றவற்றுக்குச் சிவப்புச் சீட்டும் கட்டினேன்.

மனைவி அடுப்படிக்கு வந்தாள். "மூணு கரண்டியும் போச்சு. அந்தச் சிவப்புச் சீட்டு ஒண்ணு குடுங்க, உங்க கழுத்துல கட்டுறேன்."

மாலையில் பச்சைச் சீட்டு ஆயிலோடு சோதனை ஓட்டம். மகள் ஓட்ட, மிச்ச ஆயில் டப்பாவோடு நான் பின்னால். மேடு வந்ததும் எஞ்சின் அலறியது, வண்டி நகரவில்லை.

"இந்த எஞ்சின் ஆயுசுக்கும் தேயாதுப்பா," என்றாள். "வண்டி போனாத்தானே தேயும்."

மெக்கானிக் கடைவரை தள்ளினோம். அவர் ஆயில் டப்பாவை வாங்கிப் பார்த்தார். "என்னா சார், இது காருக்கு ஊத்தறது. பைக்குல கிளட்சும் இதே ஆயில்லதான் முங்கிக் கெடக்குது. இப்பிடி வழுக்குனா அது எதைப் புடிக்கும்?"

டப்பாவில் பெரிதாகக் கார் படமே இருந்தது. நான் சோதித்தது ஆயிலை மட்டும்.

கிளட்ச் தட்டுகளைக் கழுவி, பைக்குக்கென்றே வரும் சிந்தெடிக்கை ஊற்றினார். காலையில் நான் சிவப்புச் சீட்டு கட்டிய முதல் சிந்தெடிக் அது.

திங்கள் காலை மகள் தானே ஆயில் அளவு பார்த்துவிட்டுக் கிளம்பினாள். வண்டி நின்ற இடத்தில் ஒரு சொட்டு. தொட்டுப் பார்த்தேன், தண்ணீர். மோந்தும் பார்த்தேன்.

எட்டரைக்குப் போன் வந்தது. "சேந்துட்டேன்ப்பா."

"வண்டியில ஏதாவது சத்தம் வருதா?"

"வண்டியில இல்லப்பா. போன்லதான்."