நண்டு நெபுலாவும் பக்கத்து மாடி விளக்கும்

நகர வெளிச்சத்துக்கு நடுவே, நெல்லித்தோப்பு மொட்டை மாடியிலிருந்து நெபுலாவைப் படம் பிடிக்கிறேன் என்றால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், நான் பிடித்தால் விடுகிற ஆள் இல்லை. சோழர் காலத்தில் வெடித்துத் தெரிந்த ஒரு நட்சத்திரத்தின் மிச்சம்தான் நண்டு நெபுலா. மாசியில் இருட்டியதுமே தலைக்கு மேல் நிற்கும், ஆனால் வெறுங்கண்ணுக்குத் தெரியாது. கேமராவில் ஏகப்பட்ட படம் எடுத்து, கம்ப்யூட்டரில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால்தான் மங்கலாகத் தெரியும்.

எனக்கு அதுவும் தெரியவில்லை. பக்கத்து மாடியின் ஃபோகஸ் லைட் எல்லாவற்றையும் வெளுக்க வைத்தது. அந்த வீட்டில் அத்தை தனியாக இருந்தார். சொந்த அத்தை இல்லை. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாயாக இருந்த சொல்தா ஒருவரின் மனைவி. கணவர் காலமாகிவிட்டார், ஒரே மகன் பிரான்சில். திருட்டுப் பயத்துக்கு இவ்வளவு பெரிய விளக்கா என்று எனக்கு எரிச்சல். ஒருநாள் விளக்கை அணைக்க முடியுமா என்று கேட்டே விட்டேன்.

"இன்னிக்கு ஒரு நாளுதான தம்பி, போடாம வுட்டுட்றேன்" என்றவர், நாற்காலி போட்டு மாடியிலேயே உட்கார்ந்துகொண்டார்.

நாலைந்து படம்கூட எடுத்திருக்கமாட்டேன், என் போன் அடித்தது. அவர் மகன்.

"அண்ணே, மாடி லைட்டு எரியல. அம்மா போனும் எடுக்கல. அம்மாதான் தெனம் மேல ஏறிப் போடுவாங்க. அத வீட்டு சிசிடிவி கேமராவுல இங்கேந்து பாத்தாதான் எனக்கு உயிரே வரும். கொஞ்சம் போய்ப் பாருங்கண்ணே!"

கைப்பிடிச் சுவருக்கு மேலாக அத்தையிடம் போனை நீட்டினேன்.

"நல்லாத்தான்டா இருக்கேன். போனு கீழ கெடக்குது. நட்சத்திரம் பாத்துக்கினு இருக்கேன்" என்றார் அத்தை. அந்தப் பக்கம் அவன் அழுதது எனக்கே கேட்டது.

அதன்பின் எடுத்து அடுக்கிய படத்தை மறுநாள் அத்தையிடம் காட்டினேன். கறுப்பில் சிறு சிவப்புத் திட்டு. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

"இவ்ளோதானா?" என்றார். பிறகு, "அந்த நட்சத்திரம் இப்ப இருக்குதா?"

"இல்ல அத்தை. அது வெடிச்சுப் போச்சு. வெளிச்சம் இங்க வந்து சேரவே ஆயிரக்கணக்கான வருஷம் ஆவும்."

"அது போயிட்டது தெரியாமலே வெளிச்சத்தப் பாத்துக்கினு இருந்திருப்பாங்க, இல்ல?"

ஆமாம் என்றேன். அத்தை உடனே மகனுக்குப் போன் போட்டார்.

"லைட்டு எரியுதுன்னு நிம்மதியா இருந்துடாதடா. போட்டுட்டு எறங்கும்போதே நான் போயிட்டாலும் அது எரிஞ்சுக்கினுதான் இருக்கும். தெனம் போன் பண்ணு. என் கொரலக் கேளு."