சும்மா நிட்வேர்ஸ் இந்துமதி

காலை ஒன்பதரைக்குள் இந்துமதி ஆறு பேரை வேலையிலிருந்து நிறுத்தி, நாலு பேரைச் சேர்த்து, ஒரு லாட்டுத் துணியைச் சாயப்பட்டறையில் தொலைத்தும் விட்டார். எல்லாம் 'சும்மா நிட்வேர்ஸ்' கம்பெனியில். அப்படியொரு கம்பெனி திருப்பூரில் கிடையாது. அவர் கணினிக்குள் மட்டும் ஓடுகிறது.

எங்கள் அலுவலகம் பனியன் கம்பெனிகளுக்கு மென்பொருள் செய்து தருகிறது. புதுப் பதிப்பு வெளியே போகுமுன் ஓட்டிப் பார்க்க ஒரு மாதிரிக் கம்பெனி வேண்டும். அதை ஒரு வலைச் செயலியாகக் கட்டியதும் நடத்துவதும் இவர்தான். கட்டிங் முதல் பேக்கிங் வரை இருநூற்றுப் பன்னிரண்டு பேர், பெயரும் இனிஷியலும் ஷிப்டுமாக. அதில் மூன்று ராக்கையா.

"ஏனுங்க மூணு?" என்று கேட்டேன்.

"நான் செக்கிங்ல இருந்த கம்பெனில நாலு பேருங்க. ஒருத்தரக் கொறச்சுட்டேன்."

நெருப்பெரிச்சல் ஊரில் ஒரு கம்பெனியில் எட்டு வருஷம் நின்றபடி பனியனில் பழுது தேடியவர். தபால் வழியில் பட்டம் வாங்கி, கோடிங் கற்று இங்கே வந்தார். இப்போதும் நின்றுதான் வேலை. நாற்காலி கொடுத்தோம், அதில் கைப்பை உட்கார்ந்திருக்கிறது. தப்பைக் கண்டால், பனியன் பழுதில் ஒட்டுகிற சிவப்பு அம்பு ஸ்டிக்கரைத் திரையிலேயே ஒட்டிவிடுவார். அந்த அம்பைக் கண்டாலே புரோகிராமர்கள் டீ குடிக்கக் கிளம்பிவிடுவார்கள்.

போன மாதம் மாதவன் ஒரு புதுப் பதிப்பு கொண்டுவந்தார். பெங்களூரிலிருந்து வந்து சேர்ந்த கெட்டிக்காரர். சூப்பர்வைசர் எப்படி எழுதினாலும் புரிந்துகொள்ளும் என்பதுதான் அதன் சிறப்பு. இந்துமதி தன் கம்பெனி செக்கிங் மேசையில் 'செகண்ட்ஸ் 120' என்று எழுதினார். செகண்ட்ஸ் என்றால் இங்கே பழுதான பீஸ். மென்பொருளோ அதை 'இரண்டு நிமிடம்' என்று நேரக் கட்டத்தில் போட்டுக்கொண்டு, நூற்றிருபது பழுதையும் நல்லதோடு சேர்த்துப் பேக்கிங்குக்கு அனுப்பிவிட்டது.

"சேம்பிள் கம்பெனிதானுங்க்கா. நெசத்துல இப்படி யாருங்க எழுதுவாங்க?" என்றார் மாதவன்.

"திருப்பூர்ல செகண்ட்ஸ்னா யாராச்சும் கடியாரத்தப் பாப்பாங்களா கண்ணு?"

முதலாளி ரத்தினசாமி மாடியிலிருந்து இறங்கி வந்தார். "திங்கக்கெழம தர்றதா நாப்பது கம்பெனிக்குச் சொல்லிட்டனே கண்ணு. இப்பத்திக்கு பாஸ் போட்டுடு, அப்பறமாப் பாத்துக்கலாம்."

"போட மாட்டேனுங்க. பழுது கப்பலேறிப் போச்சுன்னா, வேலைய விட்டு அனுப்பறது செக்கிங் பொம்பளைங்களத்தானுங்க. அது சும்மா நிட்வேர்ஸ்ல இல்லீங்க, நெசமாவே."

முதலாளியிடம் இப்படிப் பேச எனக்கு வாய் வந்திருக்காது. இந்துமதிக்குப் பக்கத்து மேசைக்காரன் என்பதில் அன்றைக்கு எனக்கு ஏகப் பெருமை.

அவர் மேலே வாதாடவில்லை. பழைய கம்பெனி சூப்பர்வைசர் சாரதாமணிக்குப் போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்தார்.

"அக்கா, இன்னிக்கு செகண்ட்ஸ் எத்தனைங்க?"

"காத்தால லாட்டுல முப்பத்தாறு பீஸ். அதெல்லாம் நீ எதுக்குக் கேக்கற?"

மாதவன் காது சிவக்கத் தன் இடத்துக்குத் திரும்பினார். சாயங்கால டீ வருவதற்குள் திருத்திவிட்டார். கெட்டிக்காரர் என்று சும்மாவா சொன்னேன். இந்துமதி மறுபடி ஓட்டினார். நூற்றிருபது பீஸும் பேக்கிங்குக்குப் போகாமல் செக்கிங் மேசையிலேயே நின்றன.

புதுப் பதிப்பை வெளியே விடும் பட்டனை எப்போதும் முதலாளிதான் அழுத்துவார். நெற்றியில் திருநீறு இட்டுக்கொண்டு செய்கிற காரியம் அது. அன்றைக்குக் கீபோர்டை இந்துமதி பக்கம் நகர்த்தி வைத்தார்.

"நீயே அமுத்து கண்ணு."

எல்லோரும் எழுந்து நின்றோம். யாரோ கைதட்டத் தொடங்கினார்கள். இந்துமதி துப்பட்டாவில் கையைத் துடைத்துக்கொண்டு கீபோர்டை இழுத்தார். பட்டன் பக்கம் போகவில்லை. "எண்ண நேரமில்லாத நாளும் உண்டுங்களே" என்றபடி சும்மா நிட்வேர்ஸைத் திறந்து, செக்கிங் மேசையில் நிதானமாக எழுதினார்:

'செகண்ட்ஸ் கொஞ்சம்.'