தலைகீழாக நின்ற வளைவு

கோட்டூர்புரத்து வீட்டில் தறி வைத்துத் துருக்கிக் கம்பளம் நெய்கிறேன். தொடங்கிய புதிதில் எனக்குத் திமிரும் கொஞ்சம் உண்டு.

கீழ்வீட்டு ஷமீம் அக்கா தொழுவதற்கு ஒரு கம்பளம் கேட்டார். அதன் தலைப்பக்கத்தில் பள்ளிவாசல் வளைவு வரும். நெற்றி அங்கேதான் படும். கால்பக்கத்தில் தொடங்கி, நாலு மாதம் முடிச்சு முடிச்சாகப் போட்டு வளைவில் முடித்தேன். அக்கம்பக்கமே வந்து புகழ்ந்தது.

ஒரு வாரம் கழித்து, "எப்படிக்கா இருக்கு?" என்றேன்.

"சூப்பரா கீதும்மா. குனிஞ்சி தலை வைக்கசொல்ல நெத்தில லேசா குத்துது. பரவால்ல, பழகிடும்."

சுருக்கென்றது. அவரிடம் கேட்டுவிட்டு மண்டியிட்டு நெற்றியை வைத்தேன். குத்தியது. நெய்யத் தொடங்கிய பக்கமாகத்தான் கம்பளி இழை சாயும். என் இழைகளெல்லாம் அவர் முகத்துக்கு எதிராக நின்றன. வளைவிலிருந்து தொடங்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாததல்ல. தறியில் வளைவு தலைகீழாக நிற்கும், பார்க்க வருபவர்களுக்கு அழகாக இருக்காதே என்றுதான் தவிர்த்தேன்.

"வேற நெய்றேன்கா."

"இன்னாத்துக்கும்மா? இதுவே போதும்."

"எனக்குப் போதாதுக்கா."

மறுநாளே தறியில் புதிதாகப் பாவு நூல் கட்டினேன். மாதக்கணக்கில் வளைவு தலைகீழாகவே நின்றது. பார்த்தவர்கள் சிரித்தார்கள், நான் விளக்கம் சொல்லவில்லை. முடித்ததும் என் நெற்றியை வைத்துப் பார்த்த பிறகே கீழே கொண்டுபோனேன்.

அக்காவிடமிருந்து திரும்ப வாங்கிக்கொண்ட முதல் கம்பளம் இப்போது என் தறிக்கு எதிரே சுவரில் தொங்குகிறது. யாராவது என் வேலையைப் புகழ்ந்துவிட்டுப் போனால், எழுந்துபோய் அதில் நெற்றியை வைத்துக்கொள்கிறேன். இன்னும் குத்துகிறது.